சேலம் பேர்லேண்ட்ஸில் ஒரு நெட் பயிற்சி மையம்: இன்ட்ரான் வகுப்பு எப்படி?

பேர்லேண்ட்ஸ் பகுதியில் ஞாயிறுதோறும் நடக்கும் இந்தப் பயிற்சி மையத்தில், கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி தரும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்கான உயிர் அறிவியலில் மரபணுப் பகுதிக்கு மட்டும் தனியாகச் சேர்ந்து படிக்கலாம். ஏற்காடு, வாழப்பாடி பக்கங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களை எண்ணி வகுப்பைச் சற்றுத் தாமதமாகவே தொடங்குகிறார்கள். கட்டணம் கூடுதல்தான், ஆனால் இன்ட்ரான் (மரபணுவின் ஆர்என்ஏ பிரதியிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி) வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்ட்ரான் டிஎன்ஏ எழுத்துகளில் ஜிடி என்று தொடங்கி ஏஜி என்று முடியும் என்பது எல்லா நோட்ஸிலும் உண்டு. மரபணுவில் ஜிடி என்ற எழுத்துகள் எத்தனையோ இடங்களில் வரும்போது, செல் சரியான இடத்தில் மட்டும் எப்படி வெட்டுகிறது என்ற கேள்வியிலிருந்து ஆசிரியர் பாடத்தைத் தொடங்கினார். வெட்டும் இயந்திரத்தின் ஒரு பகுதியான யு1 ஆர்என்ஏ, இன்ட்ரான் தொடங்கும் எல்லையில் ஏறக்குறைய 9 எழுத்துகளோடு இணைகிறது; இன்ட்ரானின் முதல் இரண்டு எழுத்துகளான ஜிடியில் ஒன்று மாறினால் பெரும்பாலும் வெட்டே நடக்காது என்பதால் இயற்கைத் தேர்வு அந்த மாற்றத்தைக் களைந்துவிடுகிறது; மற்ற இடங்களில் ஒன்றின் பலவீனத்தை இன்னொன்றின் நல்ல இணைப்பு ஈடுசெய்ய முடிவதால் அங்கே இயற்கைத் தேர்வின் பிடி தளர்கிறது. ரொட்டி ஈஸ்டில் இருக்கும் ஏறக்குறைய 300 இன்ட்ரான்களில் கிளைப்புள்ளி (வெட்டும்போது இன்ட்ரானின் தொடக்கமுனை வந்து ஒட்டும் இடம்) அநேகமாக டிஏசிடிஏஏசி என்றே இருக்க, மனிதனில் அது பலவாறு மாறுபடுவதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கிளைப்புள்ளிக்கும் இன்ட்ரானின் முடிவுக்கும் இடையே வேறு ஏஜி வருவது அரிது, ஏனெனில் வெட்டும் இயந்திரம் பொதுவாக முதலில் எதிர்ப்படும் ஏஜியையே எடுத்துக்கொள்கிறது என்று அவர் விளக்கிய இடம்தான் வகுப்பின் உச்சம். ஓர் எழுத்துச்சேர்க்கை இல்லாமல் இருப்பதும் இயற்கைத் தேர்வின் தடயமே என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் பீட்டா தலசீமியா (ஹீமோகுளோபின் குறையும் பரம்பரை ரத்தநோய்) மாற்றத்தையும் எடுத்துக்கொண்டார். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் 5ஆம் எழுத்தான ஜி, சி ஆகிவிட்டால் சரியான வெட்டு வெகுவாகக் குறைந்து, அருகில் மறைந்திருக்கும் போலி எல்லைகள் பயன்பாட்டுக்கு வந்துவிடுகின்றன. ஆனால் இவ்வளவு கெடுதல் செய்யும் மாற்றம் ஏன் களையப்படவில்லை என்பதைத் தொடாமல் விட்டது பெருங்குறை. மாறிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைப்பதால், மலேரியா பரவியிருந்த பகுதிகளில் அதே இயற்கைத் தேர்வு பழுதான சமிக்ஞையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இருவரும் சுமப்பவர்களாக உள்ள பெற்றோருக்கு ஒவ்வொரு முறையும் நோயுள்ள குழந்தை பிறக்க 4இல் 1 வாய்ப்பு இருக்கும் நிலையில், நம் மாணவர்களுக்கு இதைவிட முக்கியமான எடுத்துக்காட்டு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அச்சிட்ட நோட்ஸ் வகுப்பின் தரத்தில் இல்லை: படங்கள் பொடியாக இருக்கின்றன, ஈஸ்ட் ஒப்பீடு அதில் அறவே இல்லை. கையால் குறிப்பெடுத்தாக வேண்டும். சேருமுன் ஒரு வகுப்பைக் கட்டணமின்றிப் பார்க்க அனுமதிக்கிறார்கள். அறிமுக வகுப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், இன்ட்ரான் பாடம் எந்த வாரம் என்று கேட்டுக்கொண்டு அன்றைக்குப் போவது நல்லது.