குன்னூர் மலையில் ஓர் ஆயுர்வேத ரிசார்ட்

இந்த முறை ஊருக்கு வந்தபோது அம்மாவின் முழங்கால் வலிக்காகக் குன்னூர் பக்கம் ஒரு ஆடம்பர ஆயுர்வேத ரிசார்ட்டில் தங்கினோம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இப்போது நிறையப் பேர் இப்படிப் போகிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டியில் ஏற ஆன்லைனில் வாங்கும் அனுமதி. உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த ஏற்பாடு. வெளிநாட்டுப் போன் நம்பர்தான் இருக்கிறது என்றால் மின்னஞ்சல் கொடுத்துப் பதியலாம். மலையடிவாரக் கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸோடு, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மேட்டுப்பாளையத்திலேயே ஒழித்துவிட்டு ஏறுவது நல்லது. வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் ரிசார்ட்டில் வெளிநாட்டவருக்கான பதிவுப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். எல்லா ஓட்டலிலும் உள்ள விதிதான்.

வரவேற்பில் இருந்த பையன் எடுத்த எடுப்பிலேயே 'வார இறுதி பஞ்சகர்மா பேக்கேஜ்' என்று ஒரு அட்டையை நீட்டினான். பஞ்சகர்மா என்பது உடலைச் சுத்தம் செய்யும் ஆயுர்வேத சிகிச்சை. அட்டை அழகாகத்தான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் சிரித்துவிட்டார். "பஞ்சகர்மாவுக்கு முன்னாடி நெய் குடிக்கிறதுக்கே சில நாள் வேணும்மா. அப்புறம்தான் பேதி, அதுக்கப்புறம் பத்தியம். ரெண்டு மூணு நாள்ல எதைப் பண்ணறது? எண்ணெய் தேய்ச்சு, கிழி ஒத்தடம் கொடுத்து அனுப்பறேன்" என்றார். பிரஷர் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். சாப்பாடு, தூக்கம், மலச்சிக்கல் என்று அரை மணி நேரம் விசாரித்தார். கொடுத்த காசுக்கு உருப்படியாகக் கிடைத்தது இந்த அரை மணி நேரம்தான் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

சிகிச்சை அறையில் இருந்த பெண் பாலக்காட்டுக்காரர். "ஏம்மா, குளிராதா இங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "எனக்குப் பழகிடுச்சும்மா, எண்ணெய்க்குத்தான் பழகல" என்றார். உண்மைதான். அந்த உயரத்தில் எண்ணெய் சட்டென்று ஆறிவிடுகிறது. கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்தி, ஒவ்வொரு முறை எண்ணெய் எடுக்கும் முன்னாலும் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசியில் பயத்தம் மாவால் எண்ணெய் எடுத்து, குளித்துத் தலை துவட்டியதும் உச்சந்தலையில் ஒரு சிட்டிகை ராஸ்னாதி பொடி வைத்துத் தேய்த்தார். நீர் கோக்காமல் இருக்குமாம். அம்மா அன்று இரவு எழுந்திருக்காமல் தூங்கினார். மறுநாள் படி இறங்கும்போது முனகல் குறைந்தது. முழங்கால் தேய்மானம் இதில் சரியாகிவிடும் என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் நம்பவில்லை.

இனி குறைகள். காலையில் வெந்நீர் வரவில்லை. கூரையில் சோலார் ஹீட்டர், வெளியே நாள் முழுக்க மேகம், வேறென்ன வரும்? இவ்வளவு வாடகை வாங்குகிறவர்கள் மாற்று ஏற்பாடு ஒன்று வைத்திருக்க வேண்டாமா? வாளியில் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதுவும் கேட்ட பிறகு. பில்லில் எண்ணெய்க்குத் தனிக் கணக்கு. பதிவு செய்யும்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் அறைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அங்கேயே சாப்பிட்டால் அதற்கும் அதே 18. இணையத்தில் பார்த்த விலையோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் டாக்டரிடம் போனில் பேச வேண்டும் என்று கேளுங்கள். பிஏஎம்எஸ் என்ற ஆயுர்வேத மருத்துவப் பட்டம் படித்தவர் அங்கேயே தங்கியிருக்கிறாரா, வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். கஷாய பாட்டில்களைப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றுவது தலைவலி. சில கஷாயங்கள் மாத்திரையாகவும் கிடைக்கின்றன. டாக்டரிடம் அப்படியே எழுதி வாங்கிக்கொண்டோம்.