ஆகன், ராக்வெல், கிளாரண்டன்: இறுக்கமான தலைப்புக்கு எந்த ஸ்லாப் செரிஃப்?

அகலம் குறைந்த இடத்தில் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களைப் பெரிதாகவும் அழுத்தமாகவும் அச்சிட வேண்டியிருந்தால், கோடுகளின் முனையில் செரிஃப் எனப்படும் சிறு நீட்சி சதுரக் கட்டைபோல் நிற்கும் ஸ்லாப் செரிஃப் எழுத்துருக்களின் பக்கம் கை தானாகவே போகும். ஆனால் கனமான எழுத்தெல்லாம் இறுக்கமான எழுத்து ஆகிவிடாது. இந்த வகையில் அடிக்கடி போட்டிக்கு வரும் ஆகன் போல்ட், ராக்வெல் எக்ஸ்ட்ரா போல்ட், கிளாரண்டன் போல்ட் ஆகிய மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், வேறுபாடு தடிமனில் இல்லை, செரிஃபின் நீளத்தில் இருக்கிறது என்பது புலப்படும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 'மினிமம்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்துகளில், மூன்று எழுத்துருக்களிலும் 72 பாயின்ட் அளவில் அடித்து, எழுத்திடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நெட்டுக்கோடுகளே நிறைந்த சொல் அது. ராக்வெல்லில் ஒவ்வொரு நெட்டுக்கோட்டின் காலடியிலும் செரிஃப் இருபுறமும் நீள்வதால், இடைவெளியைக் கொஞ்சம் குறைத்ததுமே அவை ஒன்றோடொன்று ஒட்டி, சொல்லின் அடியில் தண்டவாளம் போட்டதுபோல் ஆகிவிடுகின்றன. மோனோடைப் நிறுவனம் 1934-இல் வெளியிட்ட இந்த எழுத்துரு, வட்டத்தையும் நேர்கோட்டையும் அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்டது. பெரிய 'ஓ' ஏறக்குறைய முழுவட்டம். பெரிய 'ஏ'யின் உச்சியில்கூட ஒரு கட்டை குறுக்கே அமர்ந்திருக்கும். அந்த அமைப்புக்கு அகலம் தேவை என்பதால், அகலத்தைப் பறித்தால் ராக்வெல்லின் முகமே மாறிவிடும்.

ஆகன் போல்ட் இதற்கு நேர் எதிரான வழியில் பிறந்தது. காலின் பிரிக்னல் 1969-இல் லெட்ராசெட் நிறுவனத்துக்காக இதை வரைந்தார். லெட்ராசெட் என்பது பிளாஸ்டிக் தாளில் அச்சாகியிருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் காகிதத்தில் இறக்கும் முறை. உலோக அச்சில் ஒவ்வோர் எழுத்தும் ஈயக் கட்டையின் பக்கச் சுவரால் தடுக்கப்பட்டிருந்தது. தேய்ப்புத் தாளில் அந்தச் சுவர் கிடையாது என்பதால், எழுத்தை எழுத்தோடு எவ்வளவு நெருக்கி வைப்பது என்பதை வடிவமைப்பாளரின் கையே முடிவு செய்தது. எழுத்துகளை ஏறக்குறைய உரசும்படி நெருக்கி அமைக்கும் பாணி பரவியதும் அந்தக் காலத்தில்தான். அந்தச் சூழலுக்கு ஆகன் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதன் செரிஃப்கள் கட்டைவிரல் நகம்போல் குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பதால், 'மினிமம்' சோதனையில் ராக்வெல் தடுமாறிய இடத்தையும் தாண்டி நெருங்குகிறது. வளைவுகளும் முழுவட்டமாக இல்லாமல், பக்கங்கள் நிமிர்ந்து, மூலைகள் மழுங்கிய பெட்டிபோல் நிற்கின்றன. சிறிய எழுத்துகளின் உடல் உயரம் அதிகம், மேலும் கீழும் நீளும் கோடுகள் குட்டை என்பதால் வரிகளையும் நெருக்கி அடுக்கலாம். அகலத்திலும் உயரத்திலும் ஒருசேர இடத்தை மிச்சப்படுத்துவதில் மற்ற இரண்டும் இதன் அருகில் வர இயலாது என்பது என் கருத்து.

இந்த இறுக்கத்துக்கு விலையும் உண்டு. சிறிய 'ஏ', 'ஈ' ஆகியவற்றின் உள்ளே மிஞ்சும் வெள்ளை இடம் ஒரு கீற்று அளவே என்பதால், மை ஊறிப் பரவும் நியூஸ்பிரிண்டில், குறிப்பாக அளவு குறையும்போது, அந்தக் கீற்று அடைபட்டுப்போகும். இரண்டு சொற்களில் முழங்குகிற ஆகன், எட்டுச் சொல் தலைப்பில் கருப்புச் சுவராகிவிடுகிறது. 2012-இல் ஜிம் வாஸ்கோ விரிவாக்கிய நியூ ஆகன் குடும்பத்தில் மெலிந்த எடைகளும் (அதாவது கோட்டின் தடிமன் அளவுகளும்) சாய்வெழுத்தும் உண்டு. ஆனால் மெலிந்த ஆகனைத் தேடி வருபவர் பெரும்பாலும் வேறொரு எழுத்துருவைத் தேட வேண்டியவர்.

நீண்ட தலைப்புக்கு நான் எடுப்பது கிளாரண்டனைத்தான். லண்டனின் ஃபேன் ஸ்ட்ரீட் அச்செழுத்து வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி 1845-இல் வெளியிட்டு, மூன்றாண்டு வடிவக் காப்புரிமைக்குப் பதிவும் செய்த எழுத்து இது. காலக்கெடு முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் போட்டி போட்டுக்கொண்டு நகலெடுத்தன. பத்தியின் நடுவே ஒரு சொல்லை எடுத்துக்காட்டும் தடித்த எழுத்தாகவே முதலில் இது பயன்பட்டது என்பதால், வாசிப்புக்குரிய பண்பு அதன் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. செரிஃப் தண்டோடு சேரும் இடம் வளைந்து குழைகிறது. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வேறுபாடு தெரிகிறது. சிறிய 'ஆர்', 'சி' ஆகியவற்றின் முனையில் உருண்டை நிற்கிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் சாலைப் பலகைகளில் இது நெடுங்காலம் இருந்தது. ஒரே குறை, 1953-இல் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் மறுவரைவு செய்த கிளாரண்டன் தாராளமான அகலம் கொண்டது; இறுக்கம் வேண்டுவோர் ஒடுங்கிய வடிவமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, ராக்வெல் பல கணினிகளில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. ஆகனுக்கு உரிமம் வாங்க வேண்டும். இலவசமாக வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் ஆல்ஃபா ஸ்லாப் ஒன் கிடைக்கும். கனத்தில் குறையில்லை, ஆனால் அகலமானது, ஒரே எடைதான். அதை மென்பொருளில் பக்கவாட்டில் 80 விழுக்காட்டுக்கு அமுக்கி ஆகன்போல் ஆக்கலாம் என்று எண்ண வேண்டாம். அப்படி அமுக்கும்போது நெட்டுக்கோடு மெலிகிறது, குறுக்கே கிடக்கும் செரிஃபின் தடிமன் மட்டும் அப்படியே நிற்கிறது. மெலிந்த காலில் பெரிய செருப்பை மாட்டியதுபோல் இருக்கும்.

தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் சுவரொட்டியில் இன்னொரு கணக்கும் சேரும். தமிழ் எழுத்தில் செரிஃப் மரபு இல்லாததால் இரண்டையும் கனத்தால்தான் பொருத்த முடியும். ஆகனின் கனத்துக்கு 'ண', 'ணை' போன்ற எழுத்துகளைத் தடிக்க வைத்தால் அவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். அத்தகைய வேலையில் ஆகனை ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு மட்டும் தனி வரியில் நிறுத்திவிட்டு, தமிழ் வரியை ஒரு படி மெலிந்த எடையில், சற்றுப் பெரிய அளவில் அமைப்பதே எனக்குக் கைகொடுத்திருக்கிறது.