ரெய்னேயா, வார்டோவா? நோர்வேயின் வடக்கே ஒரு கரையோர ஊரைத் தேர்ந்தெடுத்த கதை

கோடை நெருங்கினால் ஒஸ்லோவில் எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். வடக்கே ஒரு சின்னக் கடலோர ஊரில் நாலு நாள் இருந்துவிட்டு வர வேண்டும், எங்கே போகலாம்? பதில் பெரும்பாலும் லோஃபோட்டன் தீவுகள்தான், அதிலும் அங்குள்ள ரெய்னே. இரண்டு வருடத்துக்கு முன் நானும் அங்கேதான் போனேன். போன ஜூனில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டி வந்தபோது ரெய்னேயை விட்டுவிட்டு வார்டோவுக்குப் போனேன். மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் வார்டோதான். ஏன் என்று சொல்கிறேன்.

ரெய்னேயின் அழகைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடலிலிருந்து நேராக எழும் கூரிய மலைகள், அடிவாரத்தில் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சிவப்பு மரக்குடில்கள். ஒரு காலத்தில் கொட் மீன் பிடிக்க வந்தவர்கள் தங்கிய 'ரோர்பு' குடில்கள் அவை. இப்போது பயணிகளுக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன, விலையும் அதற்கேற்றபடி இருக்கிறது. ஊருக்கு மேலே 448 மீட்டர் உயரத்தில் ரெய்னேபிரிங்கன் மலை. நேபாளத்து ஷெர்பாக்கள் அதன் சரிவில் கல் படிகள் அமைத்திருக்கிறார்கள். போய்ச் சேருவதும் சுலபம்: பூடோவிலிருந்து மொஸ்கெனெஸுக்குக் கப்பல், அங்கிருந்து சில கிலோமீட்டர்தான்.

வார்டோ வேறு மாதிரி. நோர்வேயின் கிழக்குக் கோடியில், பாரன்ட்ஸ் கடலில் ஒரு சின்னத் தீவு. இஸ்தான்புல்லையும் தாண்டிக் கிழக்கே இருக்கிறது. மலை இல்லை, மரமும் இல்லை என்றே சொல்லலாம். நிலப்பகுதியோடு இணைப்பது 1982இல் திறந்த சுரங்கப்பாதை, நோர்வேயில் கடலுக்கு அடியில் போட்ட முதல் சாலை அதுதான். கிரேக்கத்தின் கிரீட் தீவில் தொடங்கும் ஈ75 நெடுஞ்சாலை இந்த ஊரில் வந்து முடிகிறது. மீன்தொழில் நொடிந்தபின் நிறையப் பேர் வெளியேறிவிட்டார்கள், பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். 2012இல் ஓவியர்கள் வந்து அப்படிப்பட்ட சுவர்களில் படம் வரைந்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுக் கடைகள் குறைவு. சமையலறை உள்ள தங்குமிடமாகப் பார்த்து எடுப்பது நல்லது. நாங்கள் அரிசியும் தூளும் கொண்டுபோனோம், கொட் மீனை அங்கேயே வாங்கிக் குழம்பு வைத்தோம்.

இப்படி அடுக்கினால் ரெய்னேதான் ஜெயிக்கும். ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வானிலை. குளிரோ மழையோ அல்ல, அதற்கெல்லாம் உடுப்பு இருக்கிறது. மேகம் இறங்கிவிட்டால் பார்க்க என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

ரெய்னேயின் அழகு முழுவதும் தூரத்தில் இருக்கிறது. மலை தெரிந்தால்தான் அது ரெய்னே. நான் அங்கே இருந்தது மூன்று நாள். முதல் இரண்டு நாளும் மேகம் கூரை மட்டத்துக்கு இறங்கி நின்றது. குடிலின் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத் திரை போட்டது போல இருந்தது. ஓ என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட பக்கத்து ஊரின் மீனவர் அருங்காட்சியகத்துக்குப் போனேன், நல்ல இடம். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மாலையில் திரை விலகி ஒரு மணி நேரம் எல்லாம் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரம் மறக்காது, உண்மை. ஆனால் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை அவ்வளவு தூரம் கூட்டிப்போய் அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிகளில் ஏறுவதும் அவரால் முடியாத காரியம்.

வார்டோவில் பார்க்க வேண்டியவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. துறைமுகத்திலிருந்து பத்து நிமிடப் படகில் ஹோர்னோயா என்ற தீவு. வசந்தத்திலிருந்து கோடை வரை அதன் பாறைச் சுவர் முழுக்கக் கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கும்: கில்லிமோட், கிட்டிவேக், கடற்காகம், வண்ண அலகு கொண்ட பஃபின். பாதை அந்தச் சுவருக்கு அடியிலேயே போகிறது. நாங்கள் போன அன்று நல்ல மூடுபனி, நூறு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அதனால் எந்த நட்டமும் இல்லை. நாலைந்து அடி தள்ளிப் புல்மேட்டில் ஒரு பஃபின் வாய் நிறையச் சிறு மீன்களோடு வந்து இறங்கியது. அம்மா மூச்சுக்கூட விடாமல் நின்றார். தொலைநோக்கியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மற்றது ஸ்டெயில்நெசெட் நினைவிடம். 17ஆம் நூற்றாண்டில், வார்டோ இருக்கும் ஃபின்மார்க் மாகாணத்தில் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி 91 பேரைக் கொன்றார்கள், அவர்களில் 77 பேர் பெண்கள். அவர்களுக்காக 2011இல் திறந்த இடம் இது. கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் கடற்கரையோரமாகத் துணியால் ஆன நீண்ட இருட்டுக் கூடம் ஒன்றை அமைத்தார். ஆளுக்கொரு சிறு ஜன்னல், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, பக்கத்தில் நீதிமன்றப் பதிவுகளிலிருந்து எடுத்து எழுதிய அவரவர் கதை. அடுத்த கட்டடத்தில் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா செய்த, தீ எரிந்துகொண்டே இருக்கும் இரும்பு நாற்காலி. காற்று கூடத்தை உலுக்கியது. நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, பாதி தூரத்தில் அம்மா நின்று, "இவ்வளவு சனத்தையும் எரிச்சவையோ?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் பேசவில்லை. வெயில் நாளைவிட அந்த இடத்துக்கு மூடுபனிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1980களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் ஃபின்மார்க்கின் கரையோர மீன் தொழிற்சாலைகளில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான். அவர் சொன்ன காற்று எப்படிப்பட்டது என்று அம்மா நேரில் பார்க்க விரும்பினார். இந்தத் தொடர்பு இல்லாதவர்களுக்கு இது ஒரு காரணமாக இருக்காது.

வார்டோவின் குறையையும் சொல்ல வேண்டும். மேகம் அங்கே தடை இல்லை, ஆனால் காற்று தடை. கடல் கொந்தளித்தால் ஹோர்னோயா படகு போகாது. எங்களுக்கும் முதல் நாள் போகவில்லை. ஆகஸ்டில் போனால் பறவைகள் பெரும்பாலும் கடலுக்குப் போயிருக்கும், அப்போது வார்டோவைச் சிபாரிசு செய்யத் தயங்குவேன். குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் நான் போனதில்லை. ஜனவரியில் சூரியன் முழு வட்டமாகத் தெரியும் முதல் நாள் வார்டோக் கோட்டையில் பீரங்கி முழங்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அதைப் பார்க்க ஆசை இருக்கிறது. ஆனால் அந்த மாதத்தில் பயணம் எப்படி இருக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. படம் எடுப்பதற்காகவே போகிறவர், ஒரு வாரம் காத்திருக்க முடிகிறவர், மலை ஏறுகிறவர் என்றால் ரெய்னேக்கே போகலாம்.

நள்ளிரவுச் சூரியன் இரண்டு இடத்திலும் உண்டு. வார்டோவில் அது மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசி வரை நீள்கிறது. மலைகள் மறைப்பதும் இல்லை.

போகிறவர்களுக்கு: ஒஸ்லோவிலிருந்து சிர்க்கெனெஸுக்கு விமானம், அங்கிருந்து கரையோரக் கப்பலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். கார் தேவையில்லை, ஊரை நடந்தே பார்த்துவிடலாம். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். இறங்கியதும் துறைமுகத்தில் ஹோர்னோயா படகைப் பற்றி விசாரியுங்கள். காற்று அடங்கியிருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் அங்கே போய்விடுங்கள்.