பழைய 8 எம்.எம். சுருளை விற்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் வீட்டில் நடந்தது

பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா கட்டிய வீட்டைப் போன வருஷம் காலி செய்தோம். பரணில் இருந்த தகரப் பெட்டிக்குள் நாலு ஃபிலிம் சுருள். கப்பலில் வேலை பார்த்த தாத்தா, சிங்கப்பூரில் வாங்கிவந்த 8 எம்.எம். கேமராவில் 1962, 63ல் எடுத்தவை. ராயபுரம் கடற்கரை, மீன்பிடித் துறைமுகம் வருவதற்கு முந்தைய காசிமேட்டில் கட்டுமரம் தள்ளுகிறவர்கள், திருவொற்றியூர்த் தேர், எங்கள் வாசல்படியில் ஏழு வயசு அத்தை. ப்ரொஜெக்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் செய்யப் பணம் தேவைப்பட்டது. "ஒரு காப்பி எடுத்து வெச்சிக்கிட்டு சுருளை வித்துடுப்பா" என்று அவரே சொன்னார். விசாரித்ததில், பழைய கேமரா, இசைத்தட்டெல்லாம் வாங்கி விற்கிற ஒருவர் வீட்டுக்கே வந்தார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஃபிலிமை ஒரு முழம் இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"சார், இது நைட்ரேட். வீட்ல வெச்சிருந்தா தானா தீப்பிடிச்சிக்கும். எங்கிட்ட குடுங்க, மிஷின்ல போட்டுப் பாத்துட்டு சுருளுக்கு அஞ்சாயிரம் தரேன். காப்பியும் போட்டுத் தரேன்."

வயசானவர் இருக்கிற வீடு. பயந்துவிட்டேன். ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு நாலையும் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை, போட்டோகூட எடுத்துவைக்கவில்லை.

அவர் சொன்னது பொய். நைட்ரேட் என்பது பழைய 35 எம்.எம். சினிமா ஃபிலிம் சமாச்சாரம். வீட்டில் படம் எடுக்க 1932ல் 8 எம்.எம். வந்த நாளிலிருந்தே அது எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டில்தான் வந்தது. ஃபிலிமின் ஓரத்தில் 'சேஃப்டி ஃபிலிம்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அன்றைக்கு ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

ஒன்பதாம் நாள் சுருள்களைத் திருப்பிக் கொண்டுவந்தார். "எல்லாம் வினிகர் வாடை அடிக்குது, பார்ட்டி வேணாம்னுட்டாங்க." அட்வான்ஸைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்து டீ போட்டுக் கொடுத்தோம். அசிட்டேட் ஃபிலிம் நம்ம ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் கெட்டால் காடி நாற்றம் வரும், அது உண்மைதான். ஆனால் எங்கள் டப்பாவைத் திறந்தபோது அப்படி எதுவும் அடிக்கவில்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

மூணு மாசம் கழித்து, அத்தைக்காக ஸ்கேன் பண்ணக் கொண்டுபோனேன். அந்த ஸ்டூடியோ பையன் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்களே பாருங்க" என்றான். முதல் ரெண்டு முழம் தாத்தா எடுத்தது. ஓரத்துத் துளைகள் பெரிசாக, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இருந்தன. வாசல்படியில் அத்தை உட்கார்ந்திருக்கிறார். அடுத்து ஒரு டேப் ஒட்டு. அதற்குப் பிறகு துளை சின்னதாகி, ஒவ்வொரு படத்தின் மத்திக்கு நேராக நிற்கிறது. அது சூப்பர் 8, 8 எம்.எம். ஃபிலிமில் பிற்பாடு வந்த வேறு ரகம். 1965ல்தான் சந்தைக்கே வந்தது. தாத்தா 1962ல் எடுத்த சுருளில் அது எப்படி வரும்? படத்தில் யாரோ வெளிநாட்டுக் குழந்தைகள் பனியில் விளையாடுகிறார்கள். நாலு சுருளிலும் இதே கதை. வெளியே தெரிகிற முனையை மட்டும் விட்டுவிட்டு உள்ளே மாற்றிச் சுற்றியிருக்கிறார்.

இந்த மாதிரி வீட்டுப் படங்கள் பெரும்பாலும் ரிவர்சல் ஃபிலிமில் எடுத்தவை. நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிமைக் கழுவித்தான் திரையில் ஓட்டுவார்கள். உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். 50 அடிச் சுருள் ஓடுவது நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த நாலு நிமிஷம் போனால் போனதுதான். அதனால் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் நீங்களே கூட இருந்து ஸ்கேன் பண்ணி, காப்பி கைக்கு வந்த பிறகு விலை பேசுங்கள். வாங்குகிறவருக்கு அந்தக் காப்பியில் அரை நிமிஷம் காட்டினால் போதும். செக் பண்ண எடுத்துப்போகிறேன் என்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். அவர் போன் அணைந்தே இருக்கிறது. அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "படம் எப்போ காட்டுவே?" என்று கேட்கிறார். இன்னும் சொல்லவில்லை.

யாராவது உங்களிடம் காசிமேட்டுக் கட்டுமரம், திருவொற்றியூர்த் தேர் இருக்கிற பழைய 8 எம்.எம். படம் விற்க வந்தால், வாசல்படிக் காட்சி இருக்கிறதா பாருங்கள். பச்சைத் திண்ணை, இடப்பக்கம் துளசி மாடம், ரெட்டைப் பின்னல் போட்ட சின்னப் பெண் கையில் ஒரு தகர விசில். அது எங்களுடையது. தகவல் சொல்லுங்கள், கேட்கிற விலை கொடுத்து நானே வாங்கிக்கொள்கிறேன்.