பின்பக்க 'டொக் டொக்' சத்தம்: ஷாக் அப்சார்பரை மாற்றும் முன் ஆக்சில் புஷ்ஷைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் ஓடுவது ஒரு சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். 80,000 கிலோமீட்டர் தாண்டிய பிறகு பின்பக்கத்தில் சத்தம் ஆரம்பித்தது. பைபாஸில் வேகமாகப் போனால் ஒன்றும் தெரியாது. கோவைக்குள் 20, 30 வேகத்தில் ஊர்ந்து, குழாய்க்காகத் தோண்டி மூடிய ரோட்டில் ஏறி இறங்கினால் மட்டும் இடது பின்சக்கரத்துப் பக்கமிருந்து 'டொக் டொக்' என்று கேட்கும்.

முதலில் காட்டிய சர்வீஸ் சென்டரில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "ரெண்டு ஷாக்கும் போயிருச்சு சார், செட்டா மாத்திரலாம்" என்றார்கள். எனக்கு அதில்தான் கோபம். ஷாக், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர், போன வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். வேகத்தடை தாண்டியதும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டுத்தான் அடங்கும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அதன் மேல் புழுதி அப்பியிருக்கும். லேசாக ஈரம் படிந்திருப்பதெல்லாம் கணக்கில்லை, வழிய வேண்டும். என் வண்டியில் டிக்கி ஓரத்தை நன்றாக அழுத்திக் கையை எடுத்தால் ஒரே எழும்பலில் நின்றுவிட்டது, இரண்டு ஷாக்கும் காய்ந்துதான் இருந்தன. அப்படியிருக்க எதற்கு மாற்ற வேண்டும்?

சரி, நாமே தேடலாம் என்று இறங்கினேன். முதல் வேலை டிக்கியைக் காலி செய்வது. ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட், பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பார்சல் ட்ரே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பின்சீட்டை மடக்கிப் போட்டு அதே ரோட்டில் ஓட்ட வேண்டும். சீட் லாக் தளர்ந்து அடிக்கும் சத்தமும் சஸ்பென்ஷன் சத்தமும் முன்சீட்டில் உட்கார்ந்தால் ஒரே மாதிரிதான் கேட்கும். தம்பியை ஓட்டச் சொல்லி நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சத்தம் அப்படியே இருந்தது, ஆனால் இப்போது கீழேயிருந்து, சக்கரத்துக்குச் சற்று முன்னாலிருந்து வருவது தெளிவாகத் தெரிந்தது. ஷாக்கின் மேல் முனை பாடியோடு சேரும் மவுண்ட் அடித்தால் சத்தம் சக்கரத்துக்கு மேலே, வீல் ஆர்ச் பக்கம் கேட்க வேண்டும்.

இன்னொரு சோதனைதான் விஷயத்தை உடைத்தது. சமதளத்தில் வண்டியை மெதுவாக ரிவர்ஸ் எடுத்து சட்டென்று பிரேக் பிடித்தேன், 'டொக்'. மறுபடி முன்னால் நகர்த்திப் பிடித்தால் இன்னொரு 'டொக்'. குண்டும் இல்லை, குழியும் இல்லை, ஆனாலும் சத்தம். நம்மூர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் பின்பக்கம் டார்ஷன் பீம்தான்: இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புப் பீம் இணைக்கும், அந்தப் பீமின் இரண்டு கைகளும் பாடியோடு சேரும் இடத்தில் நடுவே இரும்புக் குழல் வைத்த பெரிய ரப்பர் புஷ் இருக்கும், ஆக்சில் புஷ் என்பது அதுதான். பிரேக் பிடிக்கும்போது முன்னும் பின்னும் வரும் இழுப்பைத் தாங்குவது அந்தப் புஷ்தான். ஷாக்குக்கு அதில் பெரிய வேலை கிடையாது.

நண்பர் ஒருவர் சொன்ன பட்டறைக்குக் கொண்டு போனேன். அந்த மெக்கானிக் வண்டியை ராம்ப்பில் ஏற்றி, சக்கரம் நான்கும் எடை தாங்கி நிற்கும்போதே லீவரைப் புஷ்ஷுக்குப் பக்கத்தில் கொடுத்து நெம்பினார். ரப்பர் வட்டத்தில் பாதிக்குக் கிழிந்து, நடுவிலிருக்கும் இரும்புக் குழல் தனியாக ஆடியது. "ஷாக்கு நல்லா இருக்குதுங்க, புஷ்ஷுதானுங்க போச்சு" என்று டார்ச் அடித்துக் காட்டினார். வலது பக்கமும் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை சில மீட்டர் அகலத்துக்குப் பரவி 10 சென்டிமீட்டர் உயரம்தான் எழ வேண்டும். நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள், ரப்பர் என்ன செய்யும்.

புஷ் விலை இரண்டு ஷாக்கோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு, கூலிதான் அதிகம். பீமை இறக்க வேண்டும், பிரேக் பைப்பும் ஹேண்ட்பிரேக் கேபிளும் இழுபடாமல் பார்க்க வேண்டும், பழைய புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துத்தான் தள்ள முடியும். சுத்தியலால் அடித்து ஏற்றுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பல புஷ்களில் ரப்பருக்குள் இடைவெளி விட்டிருப்பார்கள், அது எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று கழற்றும் முன்பே பீமில் குறி போட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியம், புஷ்ஷின் நடுக் குழல் வழியாகப் போகும் போல்ட்டை எப்போது இறுக்குவது என்பது. வண்டி லிப்ட்டில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் நடுக் குழல் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டி தரைக்கு வந்து எடை ஏறியதும் ரப்பர் பிழியப் போகும் துணி மாதிரி முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரமே கிழியும். "புஷ் மாற்றினேன், மறுபடியும் சத்தம்" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். எனக்கு வேலை செய்தவர் போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, பின்பக்கத்தை நாலு முறை அமுக்கிவிட்டு, அப்புறம்தான் சரியான அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சை எடுத்தார்.

மாற்றி ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய்விட்டன. பொள்ளாச்சி, பழனி என்று முழு லோடோடு போய் வந்தாயிற்று, அந்தச் சத்தம் திரும்பவில்லை. லேன் மாறும்போது பின்பக்கம் லேசாக அலைவது போல முன்பு தோன்றும், டயர்தான் காரணம் என்று நினைத்திருந்தோம், அதுவும் நின்றுவிட்டது. ஷாக் இன்னும் பழையதுதான். அதிகாலையில் மட்டும் 'கிரீச்' என்று ஒரு சத்தம் கொஞ்ச நாள் வந்தது. காயில் ஸ்பிரிங்கின் அடி ரப்பரில் மண் ஏறியிருந்தது, கழுவி சிலிக்கான் கிரீஸ் தடவியதும் போய்விட்டது. சாதாரண கிரீஸையோ பழைய இன்ஜின் ஆயிலையோ அங்கே பூசாதீர்கள், ரப்பர் ஊறி உப்பிவிடும்.