நாலு கேஸ் மீட்டர்: மூன்று வருடம் தினமும் பயன்படுத்திய பிறகு

காசிமேட்டில் விசைப்படகின் மீன் அறைக்குள் இறங்குபவருக்கும், மணலியில் கழிவுநீர்த் தொட்டியில் சேறு வாருபவருக்கும், திருவொற்றியூர் பட்டறையில் டேங்கருக்குள் வெல்டிங் வைப்பவருக்கும் எமன் ஒருவன்தான்: மூடிக் கிடந்த காற்று. ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் அளக்கும் 'நாலு கேஸ் மீட்டர்' என்ற கைக்கருவி இப்போது பல இடங்களில் இருக்கிறது. கருவி நல்லதுதான். ஆனால் காலையில் சோதிக்காமல் அது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. எரியும் வாயு சென்சார் செத்துப்போனால் திரையில் வருவது 0. சுத்தமான காற்றிலும் வருவது 0. இரண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் கிடையாது.

அதனால் மீட்டரோடு சோதனை வாயு சிலிண்டரையும் சேர்த்தே வாங்குங்கள். வழக்கமான கலவை ஹைட்ரஜன் சல்பைடு 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு), கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம், மீத்தேன் 2.5%, ஆக்சிஜன் 18%. நிமிடத்துக்கு அரை லிட்டர் ரெகுலேட்டர் போட்டு ஒரு நிமிடம் காட்டினால் நான்கு அலாரமும் அடிக்க வேண்டும். அடிக்காத கருவி அன்று வெளியே போகக் கூடாது. இதற்குப் பெயர் 'பம்ப் டெஸ்ட்' (bump test). காற்றை இழுக்கும் மோட்டாருக்கும் (pump) தமிழில் 'பம்ப்' என்றே பெயர் வருவதால், மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதுமே டெஸ்ட் முடிந்தது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சியில் 'வாயு காட்டிப் பார்ப்பது' என்றே சொல்லிக்கொடுங்கள், குழப்பம் வராது.

எரியும் வாயு சென்சாரைக் கொல்வது பெரும்பாலும் சிலிக்கோன். டயர் பாலிஷ், சீலன்ட், சில வெல்டிங் ஸ்பிரேக்கள் இருக்கும் அலமாரியில் மீட்டரை வைக்கவே கூடாது. கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் இடமும் முக்கியம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில், கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் நின்று செய்தால் டீசல் புகையே 'சுத்தக் காற்று' என்று பதிவாகிவிடும். கடலோர ஈரத்தில் ஆக்சிஜன் 20.9%க்குப் பதில் 20.3% என்று காட்டினால் பயப்பட வேண்டாம்; நீராவி இடம்பிடித்ததால் வரும் இறக்கம் அது.

அளக்கும்போது முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள். ஆக்சிஜன் மிகவும் குறைந்த இடத்தில் எரியும் வாயு சென்சார் தவறான அளவு காட்டும், வேலை செய்யவே அதற்கு ஆக்சிஜன் வேண்டும். பிறகு எரியும் வாயு, கடைசியில் நச்சு வாயுக்கள். மேலே, நடுவே, அடியில் என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். மோட்டாரும் குழாயும் உள்ள மாடல்தான் இதற்கு உதவும். கயிற்றில் கட்டி இறக்கும் சாதாரண மாடலின் திரையை மேலிருந்து படிக்க முடியாது. குழாய் நீளமானால் காற்று வந்துசேர நேரமாகும், அதற்குள் எண்ணைக் குறித்துக்கொண்டு போகிற அவசரம்தான் அதிகம் நடக்கும் தவறு. குழாய் முனை தண்ணீரில் முங்கினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் உபரி ஃபில்டர் கையில் இருக்கட்டும்.

ஆக்சிஜன் 19.5%க்குக் கீழோ 23.5%க்கு மேலோ இருந்தால், எரியும் வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10% தொட்டால், ஹைட்ரஜன் சல்பைடு 10, கார்பன் மோனாக்சைடு 35 பிபிஎம் தாண்டினால் யாரும் இறங்கக் கூடாது. இந்த எண்களை இந்தி, ஒடியா, வங்காளத்திலும் எழுதி மேன்ஹோல் பக்கத்தில் மாட்டுங்கள். 'நாத்தம் வந்தால் ஏறிவிடலாம்' என்ற நம்பிக்கையை முதல் வகுப்பிலேயே உடைக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துவிடும், அழுகிய முட்டை நாத்தம் அதன்பின் தெரியாது.

பெரிய குறை ஒன்று உண்டு. அம்மோனியாவை இந்த மீட்டர் காட்டாது. ஐஸ் ஃபேக்டரிகளில் குளிர்விக்க ஓடுவது அதுதான். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் மக்கள் வீட்டை விட்டு ஓடியதும் அதன் கசிவால்தான். அங்கெல்லாம் தனி அம்மோனியா சென்சார் வேண்டும்.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே இரண்டில் ஒன்று கேட்கப்பட்டது: தகுதியானவர் தாமே சோதித்து எழுதித் தரும் சான்று, அல்லது சுவாசக் கருவியோடு கயிறு கட்டிய பெல்ட், கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். உள்ளே இறங்க அனுமதிக்கும் பர்மிட் சீட்டில் 'ஓகே' என்று எழுதாமல் மூன்று மட்டத்து எண்களையும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

பயிற்சியில் அதிக நேரம் வெளியே நிற்பவருக்குக் கொடுங்கள். உள்ளே ஆள் சரிந்ததும் குதிப்பவர் அவர்தான், அடுத்த பிணமும் அவரே ஆகிறார். குழிவாய் மேல் நிறுத்தும் மூன்று கால் சட்டமும் (ட்ரைபாட்) கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும் வைத்து, 60 கிலோ மணல் மூட்டையை வெளியிலிருந்தே இழுத்தெடுக்கும் ஒத்திகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் கைகள் பழகும்.

கையில் மீட்டர் இருக்கிறது என்று செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்காதீர்கள். பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் இறக்குவதை, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அந்த வேலைக்கு உறிஞ்சு லாரியைக் கூப்பிடுங்கள்.

ஆக்சிஜன் சென்சார் பொதுவாக இரண்டு வருடம் தாங்கும். மாற்ற வேண்டிய மாதத்தை மீட்டரின் முதுகில் மார்க்கரால் எழுதி, அந்தச் செலவை வாங்கும்போதே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.