எந்தக் கோடிங் சவாலில் சேரலாம்? கல்லடி விறாந்தையிலிருந்து ஓர் ஒப்பீடு

சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் லப்டொப்போடு கூடுவோம். வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற ஒரு தங்கச்சி, உயர்தரத்தில் ஐசிடி எடுக்கிற பொடியன்கள் மூன்று பேர், அக்கரைப்பற்றிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு நானா, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், பிறகு நான். எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. தமிழைச் சொல்லவில்லை, புரோகிராமிங் மொழியைச் சொல்கிறேன். தங்கச்சி ஜாவா, பொடியன்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பைத்தன், நானா பிஎச்பி, ஐயா எக்செல்.

எல்லாரும் சேர்ந்து செய்கிற மாதிரி தொடர்ந்து வரும் ஒரு சவாலைப் பிடிப்போம் என்று தொடங்கிய பேச்சு இரண்டு சனிக்கிழமையைத் தின்றது. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எது கஷ்டம், எது லேசு என்றுதான் எல்லாரும் அளந்தார்கள். எனக்கு அந்த அளவுகோல் சரியாகப் படவில்லை. எந்தச் சவாலிலும் லேசான கணக்கும் உண்டு, தலை வெடிக்கிற கணக்கும் உண்டு. நான் கேட்டது வேறு: கடைசியில் நாம் கையளிப்பது என்ன? வெறும் விடையையா, மெஷின் திருத்துகிற கோடையா, இன்னொரு மனிதர் வாசிக்கிற கோடையா? இதை வைத்துப் பிரித்தால் மற்ற வித்தியாசங்கள் தாமாக வெளியே வரும்.

விடையை மட்டும் கேட்பவை

அட்வென்ட் ஒஃப் கோட் என்றால் அறியாத ஆள் குறைவு. எரிக் வாஸ்ட்ல் 2015-இல் தொடங்கியது. பெயரைக் கேட்டதும் பொடியன் ஒருத்தன், "அண்ணா, அட்வென்ட் எண்டா என்ன?" என்றான். கிறிஸ்தவர்கள் இருக்கிற தாண்டவன்வெளிப் பக்கம் போய்க் கேட்டால் உடனே சொல்வார்கள்: திருவருகைக் காலம். நத்தார் வரை நாளுக்கொரு சின்னக் கதவைத் திறக்கிற கலண்டர் மாதிரி, டிசம்பர் 1 முதல் நாளுக்கொரு புதிர். ஒவ்வொன்றும் இரண்டு பாதி. முதல் பாதியை அவிழ்த்தால்தான் இரண்டாம் பாதி கண்ணில் படும். பாதிக்கொரு நட்சத்திரம், 25 நாளைக்கு 50. 2025-இல் 12 நாளாகக் குறைத்தார்கள், உலக வரிசைப் பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். நண்பர்களுக்குள் வைத்துக்கொள்ளும் தனிப் பட்டியல் இருக்கிறது.

புதிரோடு தருகிற தரவு, அதாவது உள்ளீடு, எல்லாருக்கும் ஒன்றல்ல. அதைப் போட்டு வருகிற விடையைப் பெட்டியில் தட்டினால் சரியா பிழையா என்று சொல்லும், அவ்வளவுதான். எந்த மொழி என்று கேட்பதே இல்லை. இதன் அழகை ஐயாதான் காட்டினார். 2024-இன் முதல் நாள் புதிரில் இரண்டு நிரலில் எண்கள். இரண்டையும் ஏறுவரிசையில் அடுக்கி, எதிரெதிரே நிற்பவற்றின் வித்தியாசங்களைக் கூட்ட வேண்டும். ஐயா எக்செலில் இரண்டு நிரலையும் தனித்தனியாக சோர்ட் பண்ணி, மூன்றாவதில் கழித்து, அடியில் கூட்டினார். மாதிரிக்குக் கொடுத்திருந்த ஆறு சோடிக்கு 11 வந்தது. இரண்டாம் பாதிக்கு, இடப்பக்க எண் ஒவ்வொன்றும் வலப்பக்கத்தில் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பெருக்க வேண்டும். அதற்கு எக்செலின் கவுண்ட்இஃப் கட்டளை. மாதிரிக்கு 31. பொடியன்கள் பைத்தனில் கோப்பை வாசிக்கிறதிலேயே மாட்டிக்கொண்டிருந்த நேரம் ஐயா இரண்டு நட்சத்திரமும் எடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஏன் இதையே பிடிக்கவில்லை? ஒன்று, மாரி. புதிர் திறப்பது அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு. நமக்குக் காலை 10:30. நேரம் நல்லதுதான், மாதம்தான் சரியில்லை. எங்கள் பக்கத்தில் வருடத்து மழையில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. வெள்ளம் ஏறி, வாவித் தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை எப்போது வெட்டுவார்கள் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில், புதிர்க் கதையில் நத்தார்த் தாத்தாவின் மான்வண்டியும் குள்ளர்களும் தொலைத்த பொருளைத் தேட யாருக்கு மனம் வரும்? இரண்டு, அந்தக் குள்ளர் கதை. புதிருக்கு மேலே ஒரு முழுப் பக்கம் ஆங்கிலக் கதை வரும். ரசித்து வாசிப்பவர்களுக்குத் தேன். தமிழ்மூலம் படிக்கிற பொடியனுக்கு எது கதை, எது நிபந்தனை என்று பிரிப்பதற்குள் களைத்துவிடும். கணக்கில் தோற்றால் பரவாயில்லை, கதையில் தோற்பது அநியாயம்.

புரொஜெக்ட் ஒய்லரும் விடைதான் கேட்கும், ஆனால் கதையே கிடையாது. 2001-இல் கொலின் ஹியூஸ் தொடங்கியது, இன்று 900-க்கு மேல் கணக்குகள். முதல் கணக்கு 1000-க்குக் கீழே 3-ஆல் அல்லது 5-ஆல் வகுபடும் எண்களின் கூட்டுத்தொகை. ஐயா பேனையால் செய்தார்: மூன்றின் மடங்குகளைக் கூட்டு, ஐந்தின் மடங்குகளைக் கூட்டு, இரண்டு தரம் வந்த பதினைந்தின் மடங்குகளைக் கழி. கோட் எதுவுமில்லை. அங்கே ஓர் ஒழுக்கம் உண்டு, ஒழுங்காக யோசித்த வழி சாதாரணக் கொம்பியூட்டரில் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று. விடை சரியென்றால்தான் மற்றவர்கள் செய்த வழிகளைப் பேசும் அறை திறக்கும். கணக்குப் பிரியர்களுக்கு இதைவிட வேறு வேண்டாம். ஆனால் நூறாவது கணக்கைத் தாண்டியதும் அது புரோகிராமிங் சவாலாக இல்லாமல் எண்கணித வகுப்பாக மாறுகிறது என்பது என் அபிப்பிராயம். ஐயாவுக்கு இதில் உடன்பாடில்லை.

மெஷின் திருத்துபவை

கோட்ஃபோர்சஸ், அட்கோடர், லீட்கோட் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கோடைக் கொடுத்தால் மெஷின் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். நேர எல்லை உண்டு, புள்ளி உண்டு, மணிக்கூடு ஓடும்.

லீட்கோட் வாரப் போட்டி நமக்கு ஞாயிறு காலை 8 மணி, ஒன்றரை மணித்தியாலம், நாலு கேள்வி. வேலைக்கு நேர்முகம் போகிறவர்களுக்கு நேரடியாக உதவும். கோட்ஃபோர்சஸ் போட்டிகள் அனேகமாக மொஸ்கோ நேரம் 17:35, அதாவது இங்கே இரவு 8:05. புள்ளி ஏற ஏறப் பெயரின் நிறம் மாறும். சாம்பலில் தொடங்கி 1200-இல் பச்சை, 1600-இல் நீலம். அந்த நிறத்துக்கு ஒரு போதை இருக்கிறது. நான் சாம்பலிலிருந்து பச்சைக்கு இன்னும் கொஞ்சம்தான் என்ற இரவில், முதல் கணக்கை அனுப்பி இரண்டாவதில் கை வைத்த நேரம் கரண்ட் போனது. வெளியே மழை, ரவுட்டர் செத்தது, போனில் ஹொட்ஸ்பொட் போட்டால் கோபுரமும் சேர்ந்து படுத்துவிட்டது. ஒன்றும் அனுப்பாமல் விட்டிருந்தால் புள்ளியில் கை வைத்திருக்காது. ஒன்று அனுப்பிவிட்டேனே, ஆகவே இறங்கினேன். மழைக்கு யாரிடம் போய் முறையிடுவது?

இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது யப்பான்காரரின் அட்கோடர். ஆரம்பநிலைப் போட்டி அனேகமாகச் சனிக்கிழமை, இங்கே பின்னேரம் 5:30, நூறு நிமிடம். கேள்விகள் நறுக்கென்று இருக்கும், ஆங்கிலத்திலும் தருவார்கள். மொழி விஷயத்தில் தாராளம். பேர்ளும் எடுக்கும், பாஷ் ஸ்கிரிப்ட்டும் எடுக்கும். ஆனாலும் எடுக்கும் என்பது வேறு, நேரத்துக்குள் முடியும் என்பது வேறு. இரண்டு செக்கன் எல்லைக்குள் பைத்தன் மூச்சு வாங்கும் இடங்கள் மேல் கேள்விகளில் வரும். அங்கே தங்கச்சியின் ஜாவா ஓடிவிடும், பொடியனின் அதே யோசனை நேரம் முடிந்தது என்று திரும்பி வரும். பல மொழிக்காரர் ஒன்றாக உட்காரும் கூட்டத்தில் இது மனத்தாங்கலை வளர்க்கும்.

மனிதர் வாசிப்பது

கடைசியில் நாங்கள் பிடித்தது தி வீக்லி சலெஞ். மொஹமட் சாஜித் அன்வர் 2019 மார்ச்சில் பேர்ள் மொழிக்காரருக்காகத் தொடங்கியது. திங்கட்கிழமை இரண்டு கணக்கு வரும், ஞாயிறு முடிய ஒரு வாரம் தவணை. 2024 டிசம்பரில் 300-ஆவது வாரத்தைத் தாண்டியது. பேர்ளும் அதன் உறவான ராக்குவும்தான் வீட்டுப் பிள்ளைகள். ராக்குவின் பழைய பெயர் பேர்ள் 6. பெயரைக் கேட்டதும் ஐயா பஞ்சாங்கத்தைப் பார்த்து, நல்ல நேரத்தில் இறக்கு தம்பி என்றார். ஆனால் எந்த மொழியில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வார்கள். கோடைப் பகிர்ந்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் அந்த வாரத்தின் கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒன்று, அதற்குள் மொழியின் பெயரில் ஒன்று, அதில் கோட். அனுப்பியது அப்படியே அங்கே கிடக்கும். அடுத்த கோப்புறையைத் திறந்தால் அதே கணக்கை இன்னொருவர் வேறு மொழியில் எப்படிச் செய்தார் என்று பார்க்கலாம். ஊக்கத்துக்குப் புள்ளி உண்டு, வேகத்துக்குப் புள்ளி இல்லை.

கணக்குகள் இரண்டு மூன்று வசனத்தில் முடிந்துவிடும், கூடவே உதாரணங்கள். அதைத் தமிழில் வெள்ளைப் பலகையில் எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதும். அட்வென்ட் கதையை அப்படி எழுதப் பலகை காணாது.

முதல் வாரத்து முதல் கணக்கைப் பாருங்கள். பேர்ள் வீக்லி சலெஞ் என்ற ஆங்கிலச் சொற்றொடரில் சின்ன ஈ எழுத்தையெல்லாம் பெரிய ஈ ஆக்கு, எத்தனை மாற்றினாய் என்றும் சொல். விடை ஐந்து. சிரிப்பாகத்தான் இருக்கும். நானா கேட்டார்: "இதையே நம்மட எழுத்தில செய்தா?" அந்தப் பின்னேரம் முழுக்க அதிலேயே போனது.

பலகையில் மட்டக்களப்பு என்று எழுதி எழுத்துகளை எண்ணச் சொன்னேன். ம, ட், ட, க், க, ள, ப், பு. எட்டு. பைத்தனிடம் நீளம் கேட்டால் 12. புள்ளியையும் உகரக் கொக்கியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஜாவாவும் 12. பிஎச்பியின் பழைய நீளக் கட்டளை பைட்டை எண்ணுவது. ஒரு குறிக்கு மூன்று பைட் வீதம் 36 என்றது. நானா திரையைத் தட்டிப் பார்த்தார். பேர்ளும், மூலக்கோப்பு யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது என்று முதலில் சொல்லாவிட்டால் 36 என்கும், சொன்னால் 12. ராக்கு மட்டும் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலே 8 என்றது. மனிதர் எழுத்தாகக் காண்பதையே எழுத்தாக எண்ணும்படி கட்டிய மொழி அது. ஐயா பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

பிறகு சொல்லைப் பின்னாலிருந்து திருப்பச் சொன்னோம். சரியான விடை "புப்ளகக்டட்ம", வாயில் நுழையாது. பைத்தனில் வழக்கமான முறையில் திருப்பியது, தலையில் ஒரு அநாதைக் கொக்கியைத் தொங்கவிட்டு "ப்பளக்கட்டம" என்று தந்தது. பப்படக் கட்டு மாதிரி வாசிக்க வடிவாக இருந்ததால் பொடியன்கள் அதுதான் சரி என்று சாதித்தார்கள். பிழையான விடை சரியானதைவிடத் தமிழாக ஒலிக்கிறதே! எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். விடைப் பெட்டியோ மெஷின் நீதிபதியோ எண்ணைப் பார்த்துப் பிழை என்று சொல்லியிருக்கும், அதோடு முடிந்திருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. திருத்துவார் கிடையாது, பிழையான கோடும் உள்ளே போய் நிம்மதியாகக் குடியிருக்கும். சில வாரக் கணக்கு பத்து நிமிடத்தில் முடிந்து, தங்கச்சி கொட்டாவி விடுவாள். அவள் அட்கோடரையும் விடவில்லை, கூட்டம் கலைய முன்னமே 5:30-க்கு ஹெட்போனை மாட்டிவிடுவாள். அது சரிதான், போட்டிக்குப் போகிற ஆளுக்கு மணிக்கூடு ஓடுகிற பழக்கம் வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய தடை, கிட்ஹப்பிலிருந்து கோப்புகளை இறக்கி ஏற்றும் கருவியான கிட். நூற்றுக்கணக்கான வாரத்துக் கோப்புகள் சேர்ந்த களஞ்சியம் அது. முழுதாக இறக்கினால் போன் டேட்டா கரைந்துவிடும். ஆழம் ஒன்று என்று குறிப்பிட்டு இறக்கினால் பழைய வரலாறு வராது, சுமை குறையும். அதுவும் வேண்டாமென்றால் உலாவியிலேயே கிட்ஹப்பைத் திறந்து கோப்பை ஏற்றிவிடலாம். இதற்கே எங்களுக்கு ஒரு சனிக்கிழமை போனது.

ஏஐ பற்றியும் கேட்பீர்கள். எந்தச் சவாலையும் அதனிடம் கொடுத்து விடை வாங்கலாம்தான். எங்கள் விறாந்தையில் ஒரேயொரு சட்டம்: அனுப்ப முன்னம் கோடை வரி வரியாகச் சொல்ல வேண்டும். போன மாதம் பொடியன் ஒருத்தன் மிக வடிவான கோடோடு வந்தான். மூன்றாவது வரி ஏன் என்று ஐயா கேட்டார். அவன் கூரையைப் பார்த்தான். அன்று அது போகவில்லை, அடுத்த கிழமை அவனே எழுதிய இருபது வரி போனது.

தவணை விஷயம் ஒன்று மட்டும் கவனியுங்கள். ஞாயிறு இரவு 11:59 என்பது இங்கிலாந்து நேரம். நமக்கு அது திங்கள் விடியப்புறம் 5:29, அங்கே கோடைகாலம் என்றால் 4:29. நானா சுபஹுத் தொழுகைக்கு விடியமுன் எழும்புகிற ஆள் என்பதால் எப்போதும் கடைசி நேரத்தில்தான் அனுப்புவார். ஏப்ரலில் ஒரு திங்கள் 4:50-க்கு அனுப்பிவிட்டு, "அங்க நேரத்த மாத்திப்போட்டானுகள் தம்பி, எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல" என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டிருந்தார்.